மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு

கோல்ஃப் ஸ்விங்கின் வேகத்தையும் லயத்தையும் சீராக்க விரும்புகிறவர் கையில் இன்று முதலில் கொடுக்கப்படுவது ஒரு விகிதம். மட்டையைப் பின்னால் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோக மூன்று பங்கு நேரம். உச்சியிலிருந்து இறக்கிப் பந்தைத் தொட ஒரு பங்கு நேரம். ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் வீரர்களின் காணொளிகளைச் சட்டகம் சட்டகமாக எண்ணிப் பார்த்து இந்தக் கணக்குக்கு வந்தார். 2004இல் அதை ‘டூர் டெம்போ’ என்ற நூலாக வெளியிட்டார். நொடிக்கு 30 சட்டகம் ஓடும் காணொளியில் தேர்ந்த வீரர்களின் ஸ்விங் 27க்கு 9, 24க்கு 8, 21க்கு 7 என்ற வகைகளில் அடங்குகிறது என்பது அவர் கண்டது. முதல் வகைக்கு மொத்தம் 1.2 நொடி ஆகும். கடைசி வகை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பிறகு அந்த இடைவெளிகளில் ஒலிக்கும் ‘டொக்’ சத்தங்கள் ஒலித்தடங்களாக வந்தன, கைப்பேசிச் செயலிகளாகவும் வந்தன. காதில் சத்தம் விழ விழ மட்டையைத் தூக்கு, இறக்கு, அடி என்பதே பயிற்சி. விகிதத்தில் பெரிய பிழை இல்லை. அதை வைத்துக் கற்பிக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், அது சிறிய பலம் அல்ல. கோல்ஃப் மைதானங்களில் காலங்காலமாகப் புழங்கும் அறிவுரை ‘மெதுவாக அடி’ என்பதுதான். பந்து வலப்பக்கம் ஓடினாலும் மெதுவாக, மட்டை மண்ணைத் தோண்டினாலும் மெதுவாக. கேட்பவரும் கீழ்ப்படிகிறார், ஆனால் தூக்குவதை மட்டும் மெதுவாக்குகிறார். உச்சிக்குப் போனதும் அடக்கிவைத்த அவசரம் முழுவதும் தோளில் வந்து இறங்க, மட்டையை வெடுக்கென்று இழுக்கிறார். நோவோசெல்லின் எண்ணிக்கை இந்த மூடநம்பிக்கையை உடைத்தது. சாதாரண ஆட்டக்காரர்கள் பலர் தொழில்முறை வீரர்களைவிட மெதுவாகவே மட்டையைத் தூக்குகிறார்கள் என்று அது காட்டியது. எர்னி எல்ஸின் ஸ்விங் சோம்பலாகத் தெரியும். நிக் பிரைஸின் ஸ்விங் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். கோல்ஃபின் உச்சப் போட்டிகளான மேஜர் பட்டங்களில் எல்ஸ் நான்கு வென்றவர், பிரைஸ் மூன்று வென்றவர். காலப்பிரமாணம் ஆளுக்கு ஆள் மாறலாம், உள்ளே இருக்கும் லய உறவு கலையாமல் இருந்தால் போதும் என்பதைச் சாதாரண ஆட்டக்காரருக்கும் புரியும்படி ஓர் எண்ணில் சொன்னது இந்தக் கணக்கின் சாதனை.

இயற்பியலும் இதற்குத் துணை நிற்கிறது. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் குரோபர் மட்டைக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்தார். தேர்ந்த வீரர்களிடம் தூக்கல் ஏறத்தாழ முக்கால் நொடியும் இறக்கம் ஏறத்தாழ கால் நொடியும் எடுப்பது அந்த வழியிலும் தெரிந்தது. யாசெக் ஹோலெவிட்ஸ்கியுடன் சேர்ந்து 2006இல் அவர் முன்வைத்த விளக்கம் எளிமையானது. உடலும் கைகளும் மட்டையும் சேர்ந்த அமைப்பைச் சுருள்வில்லின் முனையில் கட்டிய எடையாகக் கருதலாம். அதற்கென்று இயல்பான ஓர் ஊசலாட்டக் காலம் உண்டு. தேர்ந்தவர்கள் தங்களை அறியாமல் அந்தக் காலத்தோடு இசைந்து போகிறார்கள். விகிதத்துக்கு ஆதரவாகக் காட்டப்படும் இந்த விளக்கத்திலேயே செயலிகளுக்கு எதிரான வாதமும் இருக்கிறது. ஊசலாட்டக் காலம் அமைப்பின் விறைப்பையும் எடைப்பகிர்வையும் பொறுத்தது என்றால், அது ஒவ்வொரு உடலிலும் வேறாகத்தான் இருக்கும். நெட்டையான இளைஞருக்கும் முதுகு இறுகிப்போன ஐம்பது வயதுக்காரருக்கும் பொருந்தும் காலத்தை முன்கூட்டியே பதிவுசெய்த சில தடங்களுக்குள் அடைத்துவிட முடியாது. உள்ளிருந்து எழ வேண்டிய கால அளவை வெளியிலிருந்து திணித்தால், உடல் தன் இயல்பைக் கைவிட்டுச் சத்தத்தைத் துரத்தத் தொடங்குகிறது.

அளவையின் நுட்பத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் 33 மில்லிநொடி. இறக்கத்துக்கு 8 சட்டகம் என்று எண்ணும்போது ஒரு சட்டகம் கூடவோ குறையவோ தவறினால், 24க்கு 8 என்பது 24க்கு 7 ஆகி 3.4ஐத் தொடும், அல்லது 24க்கு 9 ஆகி 2.7க்கு இறங்கும். மட்டை உச்சியில் திரும்பும் கணம் எந்தச் சட்டகத்தில் விழுகிறது என்பதில் இருவர் உடன்படுவதே கடினம். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது வெறும் அரை மில்லிநொடி. அது பெரும்பாலும் இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் நழுவிவிடும். பலரை எண்ணிச் சராசரி எடுத்தால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும், ஆகவே சராசரி மூன்றை ஒட்டி நிற்பதை நம்பலாம். ஆனால் ஒரு தனி ஆளின் ஒரு ஸ்விங்கைப் பார்த்து ‘உன் விகிதம் 2.7, அதனால்தான் பந்து கோணுகிறது’ என்று தீர்ப்புச் சொல்ல இந்த அளவுகோல் போதாது. சிறிய அடிகளில், குறிப்பாகப் பச்சைத்தரையில் பந்தை உருட்டும் ‘பட்’ அடியில், விகிதம் இரண்டுக்கு ஒன்றாகிவிடுகிறது என்று இதே துறையினரே சொல்கிறார்கள். அடியின் நீளத்தோடு மாறும் ஒன்றை விதி என்பதைவிட விளைவு என்று அழைப்பதே பொருத்தம்.

மையமான சிக்கல் இந்த ‘விளைவு’ என்ற இடத்தில்தான். இறக்கம் கால் நொடி எடுக்கிறது. ஒரு சைகையைப் பார்த்தோ கேட்டோ மனித உடல் எதிர்வினை காட்ட ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். மட்டை கீழே வந்துகொண்டிருக்கும்போது எந்தத் திருத்தமும் செய்ய நேரமில்லை என்பதே இதன் பொருள். நல்லதும் கெட்டதும் உச்சியில் திசை மாறும் தருணத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அந்தத் தருணத்தில் தேர்ந்த வீரரின் உடலில் நடப்பதைக் கவனித்தால், மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்கியிருக்கும். எடை முன்காலுக்கு மாறத் தொடங்கியிருக்கும். பிறகு மார்பு, அதன் பிறகு கைகள், கடைசியாக மட்டையின் தலை. ஒவ்வொன்றும் முன்னதன் வேகத்தை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. இந்த வரிசை ஒழுங்காக நடந்தால் இறக்கம் கால் நொடியில் முடியும், விகிதமும் தானாக மூன்றை ஒட்டி வரும். வரிசை தலைகீழாகி, தோளும் கையும் முதலில் பாய்ந்தாலும் ஒருவர் சத்தத்துக்குச் சரியாகப் பந்தை அடித்துவிட முடியும். கணக்கு சரியாக இருக்கும், அடி தவறாக இருக்கும். செயலியோ அவரைப் பாராட்டும். ஒரே விடையைத் தரும் இரண்டு வேறு வழிகளைப் பிரித்துக் காட்டாத கருவியை ஆசான் என்று ஏற்பது எப்படி?

ஹிடெக்கி மட்சுயாமாவை எடுத்துக்கொள்வோம். 2021இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற இந்த ஜப்பானியர் உச்சியில் மட்டையை நிறுத்தி, பார்ப்பவர் மூச்சைப் பிடிக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டு, பிறகு இறக்குவதற்குப் பேர்பெற்றவர். அந்த நிறுத்தத்தைத் தூக்கலோடு சேர்த்தால் ஒரு விகிதம் வருகிறது, விட்டுவிட்டால் வேறொரு விகிதம் வருகிறது. எதுவானாலும் அவருடைய பந்து நேராகத்தான் போகிறது. காரணம், கைகள் நின்றிருக்கும் அந்த இடைவெளியிலும் அவருடைய கீழுடல் நிற்பதில்லை. இந்தியாவின் ஜீவ் மில்கா சிங்கின் ஸ்விங்கும் எந்தப் பாடநூலுக்குள்ளும் அடங்காதது; ஐரோப்பிய டூரில் நான்கு பட்டங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

லயம் காதின் வழியாகத்தான் உடலுக்குள் போக வேண்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ஹரியானாவின் தீக்ஷா டாகர் செவித்திறன் குறைபாட்டோடு பிறந்தவர், செவித்துணைக் கருவி அணிபவர். 2017 செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2022இல் தங்கமும் வென்றார். 2019இல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனையும், 2023இல் செக் மகளிர் ஓப்பனையும் கேட்கும் திறன் உள்ளவர்களோடு போட்டியிட்டு வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். அதே டோக்கியோ போட்டியில் பெங்களூருவின் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்தார். ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் சுற்றில் இடம் கிடைத்திருக்கும். ஆரம்ப அடியின் தூரத்தில் அவர் களத்தில் பின்தங்கியவர்களில் ஒருவர். தூரத்தில் இழந்ததை, ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் அடியாலும் பச்சைத்தரையின் நிதானத்தாலும் ஈடுகட்டினார். லயத்துக்குப் பரிசு உண்டு என்பதற்கு அதிதி சான்று. அந்த லயம் வெளிச்சத்தத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தீக்ஷா சான்று.

இவர்களுக்கு முந்தைய தலைமுறை இன்னும் வலுவான சான்று. டெல்லி கோல்ஃப் கிளப்பில் காடியாக, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக இருந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூருவில் காடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பையைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் நல்ல ஆட்டக்காரர்களையும் மோசமான ஆட்டக்காரர்களையும் மாறிமாறிப் பார்ப்பதே காடிகளின் பள்ளி. மறுக்க ஒரு நியாயமான வழி உண்டு: பை சுமந்தவர்கள் எத்தனையோ பேர், பட்டம் வென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், வென்றவர்களை மட்டும் காட்டி ஒரு முறையை நிரூபிக்க முடியாது. உண்மைதான். பார்த்துக் கற்றால் போதும் என்று காடிகள் நிரூபிக்கவில்லை. எண்ணிக் கற்றே ஆக வேண்டும் என்ற வாதத்தை அவர்கள் பொய்யாக்குகிறார்கள். இங்கே தேவைப்படுவது அவ்வளவுதான்.

கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. கேப்ரியேல் வுல்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999இல், கோல்ஃப் அறியாதவர்களுக்குக் குறுகிய தூர அடியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மறு பிரிவினரிடம் மட்டையின் ஊசலைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள் பயிற்சியின்போதும் துல்லியமாக அடித்தார்கள், பிறகு சோதித்தபோதும் துல்லியமாக அடித்தார்கள். இந்த ஆய்வு, சீரான இடைவெளியில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைச் சோதித்தது அல்ல. ஆனால் உடலுக்குக் கட்டளை இடுவதைவிட, கையிலிருக்கும் பொருளின் போக்கை உணர்வது நல்ல ஆசான் என்று அது காட்டுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போகலாம். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கத்தின் வடக்கு எல்லை அது. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் அந்த நீரை எவ்வளவோ கெடுத்த பிறகும் அங்கே வீச்சு வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, மீதியைக் கையில் பிரித்துப் பிடித்து, உடலை ஒருபுறம் முறுக்கி, மறுபுறம் திரும்பி விடும்போது வலை வட்டமாக விரிய வேண்டும். அதை விரிப்பது விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகளின் எடை. கை முந்தினால் வலை சுருண்டு விழும்; கால் ஊன்றி இடுப்பு திரும்பிய பிறகு கை தொடர்ந்தால் மலரும். அங்கே யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. எடை எப்போது பின்னால் போய்ச் சேர்ந்தது, எப்போது முன்னால் வரத் தயாராக இருக்கிறது என்பதைத் தோள் சொல்லிவிடுகிறது. கோல்ஃப் மட்டையின் சங்கடம் அதன் எடைக்குறைவு. தலை ஏறத்தாழ 200 கிராம்தான். அதனால் கை அதை எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றி இழுக்க முடிகிறது. முனையில் எடை கூட்டிய வளையும் தண்டு, இரண்டு மட்டைகளைச் சேர்த்துப் பிடித்து வீசுவது, நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஊசலாட்டுவது ஆகிய பழைய பயிற்சிகள் பலன் தருவது இதனால்தான். கனமான பொருளை அவசரப்படுத்த முடியாது. உச்சியில் அது திரும்பும்வரை உடல் காத்திருந்தே ஆக வேண்டும். பாதங்களை ஒட்டி வைத்து அடிக்கும் பயிற்சியும் இதே வகை. தோள் முந்தினால் ஆள் தடுமாறுவார், தவறு அங்கேயே தெரிந்துவிடும். சத்தம் தரும் கருவி நேரத்தைச் சொல்கிறது. இந்தப் பயிற்சிகள் காரணத்தைத் திருத்துகின்றன.

மெட்ரோனோம் ஆதரவாளர்களின் வலுவான எதிர்வாதம் அழுத்தத்தைப் பற்றியது. பயிற்சியில் அழகாக ஆடுகிறவர் கடைசிக் குழியில், பார்வையாளர் முன்னால், அவசரப்படுகிறார். அப்போது நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான எண்ணிக்கை வேண்டாமா? கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது என்பதும் இந்த வாதத்துக்குச் சாதகம். வடசென்னைக்கு நன்றாகத் தெரிந்த குத்துச்சண்டையில் மாறாத தாளத்தோடு ஆடுகிறவர் எதிராளிக்குத் தன் அடுத்த குத்தை அறிவித்துவிடுகிறார்; கோல்ஃப் பந்து யாரையும் படித்துக்கொள்வதில்லை, ஆகவே இங்கே மாறாமை பலம். 82 பிஜிஏ டூர் பட்டங்கள் வென்ற சாம் ஸ்னீட் மனத்துக்குள் வால்ட்ஸ் இசையை ஓடவிட்டு ஆடியதாகச் சொல்வார்கள். இதில் பெரும்பகுதியை ஏற்கலாம். ஆனால் ஸ்னீட் கேட்ட இசை அவருடையது. தன் ஸ்விங்குக்கு ஏற்ற பாட்டை அவர் தேர்ந்துகொண்டார், பாட்டுக்கு ஏற்ற ஸ்விங்கைத் தேடவில்லை. பாட்டில் ஒரு தாளத்திலிருந்து அடுத்த தாளத்துக்குப் போகும் இழைவும் இருக்கிறது. ‘டொக்’ சத்தத்தில் அது இல்லை, இரண்டு புள்ளிகள்தான் இருக்கின்றன. தாளத்துக்கு விரலால் தட்டுகிறவர்கள் சத்தத்துக்குச் சில பத்து மில்லிநொடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்ட உண்மை. விரல் தட்டுவதில் அது பொருட்டல்ல. கால் நொடி இறக்கத்தில், அதுவும் பதற்றத்தில் இருப்பவரிடம், முந்துதல்தான் நோயே.

ஆக, எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதன் வேலையை மாற்றினால் போதும். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் நொடிக்கு 240 சட்டகம் பதியும் வசதி உண்டு. அதில் முக்கால் நொடித் தூக்கல் 180 சட்டகம், கால் நொடி இறக்கம் 60 சட்டகம். ஒரு சட்டகம் தவறினாலும் பிழை இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். வாரத்துக்கு ஒருமுறை பதிந்து எண்ணிப் பார்ப்பது காய்ச்சலுக்குப் பிறகு உடல்சூட்டை அளந்து பார்க்கும் வகையைச் சேர்ந்தது; மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கை இரண்டரைக்குக் கீழே போனால் தூக்கல் அவசரமா, இறக்கம் சோர்வா என்று பார்க்கலாம். நான்கைத் தாண்டினால் பயத்தில் மட்டையை உச்சிக்கு ஊர்ந்துகொண்டு போகிறோமா என்று பார்க்கலாம். மற்ற நாட்களில் செயலி அணைந்தே இருக்கட்டும்.

இந்த விவாதம் காத்திவாக்கத்தில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். சென்னையின் பழைய கோல்ஃப் மைதானங்கள் இரண்டும் தெற்கே, நந்தனத்திலும் கிண்டியிலும் இருக்கின்றன. கிண்டி மைதானம் அமைந்த குதிரைப் பந்தய வளாகத்தின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டதை அடுத்து அதன் எதிர்காலமும் வழக்குகளில் சிக்கியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் போய் ஆடி வருவது ஓர் இளைஞருக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் கோல்ஃபின் பகுதிகளிலேயே லயப் பயிற்சி ஒன்றுக்குத்தான் புல்வெளி வேண்டாம். ஒரு பழைய மட்டை, அதன் கழுத்தில் சுற்றிய கொஞ்சம் எடை, தலைக்கு மேல் இடிக்காத ஒரு திறந்த இடம் இருந்தால் போதும். அதற்கும் எல்லை உண்டு: பந்து இல்லாமல் வீசுகிறவருக்கு வரிசை தவறியதைச் சொல்ல ஆளில்லை, பந்து போகும் திசைதான் கடைசித் தீர்ப்பு. காத்திவாக்கம் அடங்கிய திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கும் மாநகராட்சி விளையாட்டுத் திடல்களில் ஒன்றின் மூலையில் ஒரு தடுப்பு வலையும், கிளப்புகளில் கழித்துப்போட்ட ஒரு டஜன் மட்டைகளும் வைக்கத் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பும் மாநகராட்சியும் முன்வர வேண்டும்.